லேசரால் மூலக்கூறை நம் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்க முடியுமா?

"லேசரை அடித்தால் போதும், மூலக்கூறில் நாம் விரும்பும் பிணைப்பு மட்டும் அறுந்துவிடும். இனி வினையூக்கியும் வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம்." இந்த மாதிரிச் செய்திகள் அவ்வப்போது சுற்றுகின்றன. 2023-இல் அட்டோ நொடி எனப்படும் மிகமிகக் குறுகிய ஒளித் துடிப்புகளுக்காக பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் கிரவுஸ், ஆன் லூயியே மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தபோதும் இதே பேச்சு எழுந்தது. செய்தி முழுப் பொய்யும் இல்லை, சொல்லப்படும் அளவுக்கு உண்மையும் இல்லை.

காரைக்குடிப் பக்கம் வேதியியல் படிக்கிறவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது நம் சிக்ரி, இருக்கும் ஊர் இது. மின்வேதியியலின் அடிப்படையே மின்னழுத்தத்தை மாற்றி வினையை வேண்டிய பக்கம் திருப்புவதுதான். வெப்பம், அழுத்தம், வினையூக்கி, மின்னழுத்தம் ஆகியவை வேதியியலாளர் கையில் ஏற்கெனவே உள்ள பிடிகள். லேசர் இன்னொரு பிடி ஆகுமா என்பதே கேள்வி.

சுருக்கமான பதில்: ஆகும். ஆனால் சில மூலக்கூறுகளில், மிகச் சிறிய அளவில், மிகக் குறைந்த நேரத்துக்குள் மட்டும். இதில் லேசரின் வலிமையை விட அது எந்த நேரத்தில் எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதே பெரிது. ஏன் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

அதிர்வு என்றால் என்ன

ஒரு மூலக்கூறில் அணுக்கள் அசையாமல் நிற்பதில்லை. பிணைப்பு நீள்கிறது, சுருங்குகிறது, வளைகிறது. தனிச்சுழி வெப்பநிலைக்கே இறங்கினாலும் இந்த ஆட்டம் முழுதாக அடங்காது.

எத்தனை விதமாக ஆடும்? நேர்கோட்டில் அமையாத மூலக்கூறில் அணுக்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் விடை வரும். தண்ணீருக்கு 3. பென்சீனுக்கு 30.

எவ்வளவு வேகம்? ஒரு ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியை 1,000 லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் குளோரைடில் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்க 11.6 ஃபெம்டோ நொடி. அயோடின் அணுக்கள் கனமானவை, பிணைப்பும் தளர்வு. அங்கே அதே வேலைக்கு 156 ஃபெம்டோ நொடி ஆகிறது. கானாடுகாத்தான் வீடுகளில் கண்ணாடி போல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சும் இப்படித்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அது கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கிறது. அதனுள் இருக்கும் கார்பனேட் தொகுதி சுமார் 31 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது.

வெப்பம் இந்த அதிர்வுகளைத் தூண்டாதா? தூண்டும், ஆனால் மந்தமாக. சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது கூட, பத்து லட்சம் ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுகளில் ஏறக்குறைய இரண்டுதான் அடுத்த அதிர்வுப் படியில் இருக்கும் (அதிர்வின் ஆற்றல் தொடர்ச்சியாக அல்ல, படி படியாகத்தான் ஏறும்). இன்னும் சூடாக்கினால் எண்ணிக்கை கூடும். ஆனால் வெப்பம் ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எல்லாப் பிணைப்புக்கும் பங்கு போடும். குறிப்பிட்ட ஒன்றை மட்டும் ஆட்ட வேண்டும் என்ற ஆசை இங்கேதான் பிறந்தது.

குறுந்துடிப்பு எதற்கு

பார்க்க வேண்டிய அசைவை விட ஒளித் துடிப்பு குறுகியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கலங்கித்தான் தெரியும். 1982-இல் பீட்டர் மௌல்டன் டைட்டானியம்-சஃபையர் லேசரை உருவாக்கினார். 1991-இல் ஸ்காட்லாந்தில் வில்சன் சிபெட்டின் குழு அதிலிருந்தே 60 ஃபெம்டோ நொடித் துடிப்புகளை எடுத்தது. அதற்கு முன் 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் வேறொரு முட்டுக்கட்டையை நீக்கியிருந்தார்கள். குறுந்துடிப்பை நேரடியாகப் பெருக்கினால் கருவியே பொசுங்கிவிடும். ஆகவே துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்கினார்கள். 2018 நோபல் இதற்குத்தான்.

இவ்வளவு சின்ன நேரத்தை எந்தக் கடிகாரமும் அளக்காது. அதனால் நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறார்கள். ஒளி 10 ஃபெம்டோ நொடியில் 3 மைக்ரோமீட்டர் போகும். ஒரு துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் பாதையில் கண்ணாடியை 1.5 மைக்ரோமீட்டர் பின்னே நகர்த்தினால், போக வர 3 மைக்ரோமீட்டர் கூடி, அது 10 ஃபெம்டோ நொடி பிந்தி வரும். முதல் துடிப்பு மூலக்கூறைக் கிளப்பிவிடுகிறது, பிந்தியது அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறது.

அகமது ஸெவைல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் செய்தார். சோடியம் அயோடைடை அவர் குழு பார்த்தபோது, கிளப்பப்பட்ட மூலக்கூறு சுமார் 1.25 பிகோ நொடிக்கு, அதாவது 1,250 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை போய்த் திரும்பியது. ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு பிரிந்து போனது. பிணைப்பு அறுவதைத் தவணை தவணையாகப் பார்த்த அந்த வேலைகளுக்காக 1999-இல் வேதியியல் நோபல் அவருக்கு வந்தது.

குறுக்கினால் நிறம் விரியும்

பலரும் தடுமாறும் இடம் இது. லேசர் என்றால் ஒரே நிறம் என்று பள்ளியில் படித்திருப்போம். துடிப்பு குறுகக் குறுக அது பொருந்தாது. நேரத்தில் குறுகிய எதுவும் அதிர்வெண்ணில் விரிந்தே தீரும். இது இயற்கையின் கட்டாயம், கருவியின் குறை கிடையாது. 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோ நொடித் துடிப்பு குறைந்தது 9 நானோமீட்டர் அகல நிறப்பட்டையைச் சுமக்கும். 10 ஃபெம்டோ நொடி என்றால் 94 நானோமீட்டர்.

முதலில் இது தொல்லையாகத் தோன்றும். உண்மையில் இதுதான் வசதி. குவாண்டம் விதிப்படி, ஒரே ஆற்றல் படியில் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறில் 'இப்போது பிணைப்பு நீண்டிருக்கிறது, அடுத்து சுருங்குகிறது' என்று சொல்லும்படி எதுவும் நடப்பதில்லை. பல படிகள் ஒரே சமயத்தில் தாளம் ஒத்துக் கலந்தால்தான் ஓர் இடத்தில் குவிந்து, அங்குமிங்கும் போய்வரும் அலைத்தொகுப்பு உருவாகும். அயோடினின் கிளர்வு நிலையில் படிகளுக்கு இடையே இடைவெளி மிகச் சிறிது. 50 ஃபெம்டோ நொடித் துடிப்பின் நிற அகலம் அவற்றில் சிலவற்றை ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அப்படி உண்டான அலைத்தொகுப்பு சுமார் 300 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை போய்வருவதை நேரடியாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஊஞ்சல் கணக்கு

செட்டிநாட்டு வீட்டில் இரும்புச் சங்கிலியில் தொங்கும் தேக்குப் பலகை ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி இரண்டரை மீட்டர் என்றால் ஒருமுறை போய்வர 3.2 நொடி. அந்தத் தாளத்துக்கு மெல்லத் தள்ளினாலே வீச்சு ஏறிக்கொண்டு போகும். தாளம் தப்பினால் எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பாதித் தள்ளல் ஆட்டத்தைக் கூட்டும், மீதி குறைக்கும்.

இதில் பொதுவாக யாரும் சொல்லாத ஒன்று உண்டு. வீச்சு பெரிதானால் ஊஞ்சலின் தாளமே மாறும். 60 டிகிரி வரை வீசினால் போய்வரும் நேரம் 7 சதவீதம் கூடிவிடும். ஆரம்பத் தாளத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் ஆட்டத்துக்கு எதிராகத் தள்ளத் தொடங்குவோம்.

மூலக்கூறும் இதே மாதிரிதான். ஃபிலிப் மோர்ஸ் 1929-இல் கொடுத்த சமன்பாடு இதைக் காட்டுகிறது: மேலே போகப் போகப் படிகள் நெருங்கும். ஹைட்ரஜன் குளோரைடில், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கில், முதல் படியேற 2886 வேண்டும். அடுத்ததற்கு 2782. அதற்கடுத்ததற்கு 2679. மூன்றாவது படிக்குள்ளேயே தேவை 7 சதவீதம் இறங்கிவிட்டது, அந்த ஊஞ்சல் அளவுக்கு. அறுந்துபோக இன்னும் நிறையப் படி பாக்கி. 2886-இல் நிலையாக நிற்கும் அகச்சிவப்பு லேசர் எவ்வளவு வலிமையானாலும் இரண்டாம் படியிலேயே தாளம் தப்பி நிற்கும்.

வழி என்ன? துடிப்புக்குள்ளேயே அதிர்வெண் உயரத்தில் தொடங்கி மெல்ல இறங்கிக்கொண்டே வர வேண்டும். இதைத் துறையில் சிர்ப் என்கிறார்கள். இப்படி இறங்கும் சிர்ப் உள்ள அகச்சிவப்புத் துடிப்பு மூலக்கூறை எளிதாகப் பிரிக்கும் என்று 1990-இல் செல்கோவ்ஸ்கி, பாண்ட்ராக், கார்கம் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2003-இல் ஜெர்மனியில் ஒரு குழு குரோமியம் ஹெக்ஸாகார்பனைலை இப்படிப் படிப்படியாக ஏற்றிப் பிரித்தது.

1970-களின் ஏமாற்றம்

குறிபார்த்துப் பிணைப்பை அறுக்கும் கனவு ஃபெம்டோ நொடி லேசருக்கு முந்தியது. 1970-களில் வலிமையான கார்பன் டை ஆக்சைடு லேசர்கள் வந்ததும், பிணைப்பின் அதிர்வெண்ணுக்கு லேசரைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நம்பினார்கள். கந்தக ஹெக்ஸாஃபுளூரைடில் ஒரு ஐசோடோப்பு உள்ள மூலக்கூறை மட்டும் தேர்ந்து உடைக்க முடிந்தது. ஆனால் அது மூலக்கூறைத் தேர்ந்தெடுத்த வெற்றி. ஒரே மூலக்கூறுக்குள் இந்தப் பிணைப்பு வேண்டும், அது வேண்டாம் என்று பிரிப்பது வேறு. அங்கே முயற்சிகள் பெரும்பாலும் தோற்றன.

காரணம், பிணைப்புகள் தனித்தனித் தீவுகள் அல்ல. ஓரிடத்தில் ஊட்டிய ஆற்றல் மற்ற அதிர்வுகளுக்குக் கசிந்துவிடும். பெரிய மூலக்கூறுகளில் இதற்குச் சில பிகோ நொடிகளே போதும், சிலவற்றில் அதுவும் வேண்டாம். அன்றைய லேசர் துடிப்புகள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நீளம். ஊட்டி முடிப்பதற்குள் ஆற்றல் எங்கும் பரவி, கடைசியில் சூடாக்கியதற்கும் லேசர் அடித்ததற்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. எது பலவீனமோ அதுவே அறுந்தது.

ஆக, ஆற்றல் பரவும் முன் வேலையை முடிக்க வேண்டும். ஃபெம்டோ நொடித் துடிப்பு வெறும் வேடிக்கை பார்ப்பதிலிருந்து ஆட்டிவைக்கும் கருவியாக மாறியது இதனால்தான்.

இதற்கு இரண்டு பாதைகள் முன்வைக்கப்பட்டன. 1985-இல் டேவிட் டேனரும் ஸ்டூவர்ட் ரைஸும் சொன்னது: முதல் துடிப்பால் மூலக்கூறை மேல் நிலைக்கு ஏற்று, அங்கே அலைத்தொகுப்பு நகரட்டும், அது சரியான இடத்துக்கு வரும் கணத்தில் இரண்டாம் துடிப்பால் கீழே இறக்கு. எப்போது இறக்குகிறோமோ அதைப் பொறுத்து விளைபொருள் மாறும். அடுத்த ஆண்டில் பால் புரூமரும் மோஷே ஷாபிரோவும் சொன்னது வேறு: ஒரே முடிவுக்குப் போகும் இரண்டு ஒளிப்பாதைகளை ஒன்றோடொன்று குறுக்கிடவிட்டு, ஒரு விளைபொருளைப் பெருக்கலாம், இன்னொன்றை அழுத்தலாம்.

கணக்கில் எப்படி வடிப்பது

1. எலக்ட்ரான் கணக்கு. புரோட்டான் எலக்ட்ரானை விட 1836 மடங்கு கனம். அதனால் அணுக்கருக்கள் அசையாமல் நிற்பதாக வைத்து எலக்ட்ரான்களுக்கு மட்டும் தீர்வு காணலாம். 1927-இல் போர்னும் ஓப்பன்ஹைமரும் காட்டிய வழி. ஒவ்வொரு பிணைப்பு நீளத்துக்கும் இப்படி ஆற்றலைக் கணக்கிட்டால் மேடும் பள்ளமுமாக ஓர் ஆற்றல் பரப்பு கிடைக்கும்.

2. அணுக்கருவின் ஓட்டம். அந்தப் பரப்பின் மேல் அலைத்தொகுப்பை வைத்து, அது எப்படி நகரும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை ஒரு ஃபெம்டோ நொடிக்கும் குறைந்த சிறு சிறு அடிகளாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இதற்கான விரைவான முறைகள் 1980-களின் தொடக்கத்தில் வந்தன.

3. ஒளியைச் சேர்ப்பது. அகச்சிவப்பு ஒளி பிணைப்பைப் பிடிக்க, அதிர்வின்போது மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது அதன் நேர், எதிர் மின்னேற்றங்கள் விலகி நிற்கும் அளவு, மாற வேண்டும். ஹைட்ரஜன் குளோரைடில் மாறும். நைட்ரஜனில் மாறாது, அதனால் அகச்சிவப்பு அதை நேரடியாகத் தொடாது. அங்கே 1928-இல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் வழியாகத்தான் போக வேண்டும். அதிர்வுக் காலத்தை விடக் குறுகிய துடிப்பு, தன்னிடமுள்ள இரண்டு நிறங்களின் வித்தியாசத்தால் மூலக்கூறை உதைத்துவிடும்.

4. தலைகீழ்க் கேள்வி. இதுவரை துடிப்பைக் கொடுத்து விளைவைக் கேட்டோம். இப்போது விளைவைச் சொல்லித் துடிப்பைக் கேட்கிறோம். 1988-இல் ஹெர்ஷல் ராபிட்ஸும் சகாக்களும் இதைக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் கணக்காக எழுதினார்கள். நேரத்தில் முன்னோக்கி ஒருமுறை, இலக்கிலிருந்து பின்னோக்கி ஒருமுறை கணக்கிட்டு, துடிப்பைத் திருத்தித் திருத்திச் செம்மையாக்குவது இதன் சாரம்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் மேலே 2 என்று எண்ணிட்ட அணுக்கரு ஓட்டக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் 50 புள்ளி வைத்தால், தண்ணீருக்கு 1,25,000 புள்ளிகள் போதும். மடிக்கணினியே முடித்துவிடும். பென்சீனுக்கு அதே கணக்கு 1-க்குப் பின்னால் ஏறக்குறைய 51 பூஜ்யம். எந்தக் கணினியும் இதைத் தொட முடியாது. புள்ளிகளை விட்டுவிட்டு, தேவைக்கேற்ப உருமாறும் சார்புகளால் எழுதும் முறை 1990-இல் வந்தது. அதைக் கொண்டு 1999-இல் பைரசீன் என்ற மூலக்கூறின் 24 அதிர்வுகளையும் சேர்த்துக் கணக்கிட முடிந்தது. அதற்கு மேல் போனால், குறிப்பாகக் கரைசலில், ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

மூலக்கூறையே கேட்பது

இந்தச் சுவரைத் தாண்ட 1992-இல் ஜட்சனும் ராபிட்ஸும் சொன்ன யோசனை, என் பார்வையில், இந்தத் துறையின் மிகக் கெட்டிக்காரத்தனமான யோசனை. மூலக்கூறுக்குத் தன் சமன்பாடு தெரியும், ஃபெம்டோ நொடிக் கணக்கில் அது தன்னைத்தானே தீர்த்துக்கொள்கிறது. அதையே கணினியாக வைத்துக்கொண்டால் என்ன?

நடைமுறை இப்படி. துடிப்பை ஒரு கீற்றணியில் விழச்செய்தால் நிறங்கள் பிரிந்து விரியும். நடுவில் திரவப் படிகத் திரை. அதிலுள்ள நூற்றுச் சொச்சம் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தைச் சற்றுத் தாமதிக்கும். பிறகு எல்லாம் மீண்டும் ஒன்று சேரும். 128 கட்டம், ஒவ்வொன்றுக்கும் 10 நிலை என்று வைத்தாலே 1-க்குப் பின் 128 பூஜ்யம் அளவு துடிப்பு வடிவங்கள். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. ஆகவே சில வடிவங்களை அடித்துப் பார்த்து, நல்ல விளைவு தந்தவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையை உண்டாக்கி, மறுபடி அடித்துப் பார்க்கிறார்கள்.

1998-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் குஸ்டாஃப் கெர்பரின் குழு ஓர் இரும்புச் சேர்மத்தில் இதைச் செய்தது. உடையும்போது கிடைக்கும் இரண்டு துண்டுகளின் விகிதத்தை ஏற்றவும் முடிந்தது, இறக்கவும் முடிந்தது. மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று கருவிக்கு எதுவும் சொல்லவில்லை.

சரி, வென்ற துடிப்பு ஏன் வென்றது? பல பரிசோதனைகளில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. துடிப்பை நீட்டினாலே உச்ச வலிமை குறையும், அதனாலேயே விளைவு மாறும். சில 'வெற்றிகளில்' நுட்பமான தாளம் ஏதும் இல்லை, வலிமை மாறியது மட்டுமே நடந்தது என்ற விமர்சனம் நியாயமானது. வலிமையை நிலையாக வைத்துக் காட்டாத முடிவை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

ஆலைக்கு வருமா

இதற்கு நோபல் பரிசெல்லாம் வேண்டாம், பிளஸ் டூ கணக்கு போதும். ஒரு துடிப்பில் 1 மில்லிஜூல், நீளம் 100 ஃபெம்டோ நொடி என்றால் அந்தக் கணத்தில் உச்சத் திறன் 10 ஜிகாவாட். மலைக்க வைக்கும் எண். ஆனால் நொடிக்கு 1,000 துடிப்பு என்றால் சராசரி வெறும் 1 வாட்.

ஹைட்ரஜன் குளோரைடு பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு சுமார் 427 கிலோஜூல் வேண்டும். ஒரு ஃபோட்டான் கூட வீணாகாது என்றே வைத்துக்கொள்வோம். 1 வாட் லேசர் ஒரு மோலை, அதாவது 36.5 கிராமைப் பிரிக்க 4,27,000 நொடி, அதாவது ஏறக்குறைய 5 நாள் ராப்பகலாக ஓட வேண்டும். நடைமுறையில் ஃபோட்டான்களில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். டன் கணக்கில் பொருள் செய்கிற இடத்தில் வினையூக்கியை லேசர் ஓரங்கட்டப் போவதில்லை.

பின்னே எங்கே பயன்

அறுப்பதை விட அறிவதில்தான் பலன் அதிகம் கிடைத்திருக்கிறது. 2002-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாரோன் சில்பர்பெர்க்கின் குழு, வடிவமைத்த ஒரே ஒரு துடிப்பைக் கொண்டு ராமன் அடையாளத்தை, அதாவது ராமன் சிதறலில் தெரியும் மூலக்கூறின் அதிர்வுகளை, எடுத்துக் காட்டியது. முன்பு இதற்கு இரண்டு மூன்று லேசர்களை ஒத்திசைக்க வேண்டியிருந்தது. சாயம் ஏற்றாமலே உயிரணுவில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று அதிர்வைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கிகள் இதே குடும்பம்தான். 2006-இல் பாக்டீரியோரோடாப்சின் புரதத்தில் ஒளியை உறிஞ்சும் பகுதியான ரெட்டினாலின் வடிவ மாற்றத்தைத் துடிப்பின் வடிவத்தால் 20 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. வலுக்குறைந்த ஒளியில் இது எப்படிச் சாத்தியம் என்ற வாதம் அப்புறமும் ஓயவில்லை.

மின்வேதியியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. கரைசலில் ஆற்றல் சீக்கிரமே சுற்றியுள்ள மூலக்கூறுகளுக்குப் போய்விடும் என்பதால், அகச்சிவப்பால் படியேற்றிப் பிணைப்பை அறுப்பது வாயு நிலைக்குத்தான் சரிப்படும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. 2019-இல் டோக்கியோவில் ஒரு குழு, தங்க நுண் ஆண்டெனாக்களின் அருகே இருந்த டங்ஸ்டன் ஹெக்ஸாகார்பனைலைச் சிர்ப் உள்ள அகச்சிவப்புத் துடிப்பால் திரவத்திலேயே பிரித்தது. உலோகத்தை ஒட்டிய மெல்லிய படலத்தில் ஒளியின் புலம் பலமடங்கு கூடுவதுதான் அங்கே கைகொடுத்தது. மின்முனையில் வினை நடப்பதும் உலோகத்தை ஒட்டிய அந்த மாதிரி ஒரு மெல்லிய அடுக்கில்தான். அங்கே உலோகமே ஆற்றலை உறிஞ்சிச் சூடாவதையும், லேசரின் தாளத்தால் வந்த விளைவையும் பிரித்துக் காட்டுவது இன்னும் கடினமான வேலை.